மாக்கின் கொள்கை: மூலமும் உரையும்

முன்னுரை

நூலாசிரியர் கூறியது இது, உரையாசிரியர் கூறியது இது என வேறுபிரித்துக் காண்டல் ஆராய்ச்சியின் முதற்கடன். இலக்கண இலக்கியத் துறையில் இதனை நாம் நன்கு அறிவோம். உரைகண்டார் கருத்தைச் சூத்திரஞ் செய்தார் கருத்தென மயங்கியமையால் விளைந்த வழக்குகள் பல. ஆயின் அறிவியல் நூல்களைப் பற்றி எழுதுங்கால் இக்கடனை எளிதில் மறந்துவிடுகின்றோம். அறிவியலில் வேண்டுவது உண்மை ஒன்றே. அதனை முதலில் மொழிந்தார் யார், எச்சொல்லால் மொழிந்தார் என்னும் ஆராய்ச்சி வேண்டா என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு இயற்பியலில் ‘மாக்கின் கொள்கை’ எனப் பெயர்பெற்ற ஒன்றே போதிய சான்றாகும்.

விரைந்தோடும் வண்டி சட்டென நிற்குமாயின் அதனுள் இருப்பார் முன்னோக்கிச் சாய்கின்றனர். குடைராட்டினம் சுழலுங்கால் அதில் அமர்ந்தார் வெளிநோக்கித் தள்ளப்படுகின்றனர். தன் இயக்கநிலையை மாற்ற முயலும் விசைக்குப் பொருள் காட்டும் இவ்வெதிர்ப்பை நிலைமம் என்பர். இது பொருளின் தனியியல்பா, அன்றிப் பிற பொருள்களோடு அது கொண்ட தொடர்பால் விளைவதா என்பதே வழக்கு. வியன்னாவில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் மாக், விண்மீன்களே நிலைமத்துக்குக் காரணம் என நிறுவினார் என்றும், ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்புக் கொள்கையால் அதனை மெய்ப்பித்தார் என்றும் கூறுவார் ஒரு சாரார். மாக்கின் கொள்கை பொய்த்தது, ஆதலின் நியூட்டன் கூறிய தனிவெளியே நிலைபெற்றது என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் மூலநூலை நோக்காது எழுந்தவை என்பது எம் துணிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூட்டன் கூறியது

1687இல் வெளிவந்த தம் பெருநூலின் தொடக்கத்தில், வரையறைகளை அடுத்து வரும் விளக்கவுரையில், நியூட்டன் வெளியையும் காலத்தையும் இருவகைப்படுத்தினார். பிற எதனையும் சாராது, என்றும் ஒருதன்மைத்தாய் அசையாது நிற்பது தனிவெளி. பொருள்களைக் கொண்டு நாம் அளந்தறிவது சார்புவெளி. உண்மையான இயக்கம் தனிவெளியில் நிகழும் இடமாற்றமே என்பது அவர் கொள்கை. கண்ணுக்குப் புலனாகாத அவ்வெளியில் ஒரு பொருள் இயங்குகின்றதா எனக் காண்பது எவ்வாறு எனின், அதற்கு விடையாக வந்ததே நீர்வாளிச் சோதனை.

நீண்ட கயிற்றில் வாளியொன்றைத் தொங்கவிட்டு, கயிற்றை நன்கு முறுக்கி, வாளியில் நீர் நிரப்பி, அசைவின்றி நிறுத்திப் பின் விடுக. கயிறு முறுக்கவிழுங்கால் வாளி சுழலும். முதலில் நீர் சுழலாது, அதன் மேற்பரப்பு தட்டையாகவே இருக்கும். சிறிது பொழுதில் நீரும் வாளியோடு ஒத்துச் சுழலும். அப்பொழுது நடுவில் தாழ்ந்து ஓரத்தில் உயர்ந்து குழியும். பின் வாளியைப் பிடித்து நிறுத்தினும் நீர் சுழன்றுகொண்டே இருக்கும், குழிவும் இருக்கும். முதல் நிலையில் வாளிக்கும் நீருக்கும் இடையே சார்பியக்கம் மிகுதி, குழிவு இல்லை. இரண்டாம் நிலையில் சார்பியக்கம் இல்லை, குழிவு உண்டு. மூன்றாம் நிலையில் இரண்டும் உண்டு. எனவே குழிவு வாளியை நோக்கிய இயக்கத்தைப் பொறுத்ததன்று என்பது தெளிவு.

இச்சோதனை யாரை மறுக்க எழுந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. தெக்கார்த் 1644இல் வெளியிட்ட தம் மெய்யியல் நூலில், ஒரு பொருளின் உண்மை இயக்கமாவது அதனைத் தொட்டுச் சூழ்ந்து நிற்கும் பொருள்களினின்று அது பெயர்தலே என வரையறுத்தார். நீரைத் தொட்டுச் சூழ்ந்து நிற்பது வாளி. ஆதலின் வாளிச் சோதனை அவ்வரையறையின் அடியை வெட்டுகின்றது. நியூட்டன் தெக்கார்த்தைப் பெயர் சுட்டி விரிவாக மறுத்து எழுதிவைத்த கையெழுத்துப்படி ஒன்று 1962இல்தான் அச்சேறியது. அதனைக் கண்டபின் விளக்கவுரையின் குறிக்கோள் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றது. சோதனை நிறுவியது மறுப்பு மட்டுமே. அதனின்று தனிவெளி உண்டு என்னும் உடன்பாட்டு முடிவுக்குச் செல்ல இன்னும் ஒரு படி வேண்டும். மாக் கை வைத்த இடம் அந்தப் படியே.

இடைக்காலத்தார் கூறியது

மாக்குக்கு முன்னும் தனிவெளியை மறுத்தார் உளர். லைப்னிட்ஸ், வெளியென்பது ஒருங்கிருக்கும் பொருள்களின் வரிசைமுறையே அன்றித் தனிப்பொருள் அன்று என்றார். 1715, 1716 ஆகிய ஆண்டுகளில், நியூட்டன் சார்பில் நின்ற கிளார்க்குடன் அவர் நடத்திய கடிதவழக்கு 1717இல் நூலாயிற்று. எனினும் சுழற்சியால் எழும் விசைக்கு அவர் நேரான விடை தந்தாரல்லர். தம் ஐந்தாம் கடிதத்தில், இயக்கத்தின் காரணம் ஒரு பொருளிலேயே அமைந்திருப்பின் அதனை உண்மையில் இயங்குவதாகக் கொள்ளலாம் என ஒருவாறு உடன்பட்டும் விட்டார். சார்புக் கொள்கையின் முதல்வர் எனப் போற்றப்படும் அவரே இவ்விடத்தில் நெகிழ்ந்தமையை அவர்தம் புகழ் பாடுவார் பெரும்பாலும் சுட்டுவதில்லை. 1721இல் இயக்கம் பற்றி எழுதிய பெர்க்லி, தனிவெளிக்கு மாற்றாக நிலைத்த விண்மீன்களைக் கொண்டு இயக்கத்தை அளந்தால் போதும் என்றார். விண்மீன்களை அளவுகோலாக அவர் கொண்டாரே அன்றி, நிலைமத்தின் காரணமாகக் கொண்டாரல்லர்.

மாக் எழுதியது

மாக்கின் இயக்கவியல் வரலாற்று நூல் 1883இல் வெளிவந்தது. அவர் வாழ்நாளிலேயே, 1912க்குள், ஏழு பதிப்புகள் கண்டது. வாளிச் சோதனையைப் பற்றி அவர் கூறுவன நான்கு.

ஒன்று: அச்சோதனை நமக்குக் கற்பிப்பது, வாளியின் சுவரை நோக்கிய நீரின் சுழற்சி குறிப்பிடத்தக்க மையவிலக்கு விசையை எழுப்பவில்லை, புவியையும் ஏனைய விண்பொருள்களையும் நோக்கிய சுழற்சி அதனை எழுப்புகின்றது என்பது மட்டுமே. இரண்டு: வாளியின் சுவர் மேலும் மேலும் தடித்து, பொருண்மை மிகுந்து, பல காதத் தடிப்புடையதாயின் சோதனையின் முடிவு யாதாகும் என எவராலும் கூறவியலாது. மூன்று: உலகம் நமக்கு இருமுறை தரப்படவில்லை, புவி சுழலும் உலகம் ஒன்றும் புவி அசையாத உலகம் ஒன்றுமாக இரண்டினை ஒப்பிட்டுக் காண நமக்கு வாய்ப்பில்லை. நான்கு: நம் கடமை, கண்முன் உள்ள அந்த ஒரு சோதனையை ஏனைய உண்மைகளோடு பொருத்துவதே, நம் கற்பனையோடு பொருத்துவதன்று.

இந்நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்கினால் மாக்கின் போக்கு புலனாகும். முதற்கூற்றில் ‘குறிப்பிடத்தக்க’ என்னும் அடைமொழி அரிதின் அமைந்தது. மெல்லிய சுவருடைய சிறுவாளி சிறிதும் விசை எழுப்பவில்லை என அவர் கூறவில்லை. நாம் காணுமளவுக்கு எழுப்பவில்லை என்றே கூறுகின்றார். இவ்வடைமொழி இல்லையேல் இரண்டாம் கூற்றுக்கு இடமில்லை. இரண்டாம் கூற்றோ ஒரு கொள்கையன்று, ஒரு வினா. தடித்த வாளி நீரை இழுக்கும் என்று அவர் சொல்லவில்லை, இழுக்காது என்றும் சொல்லவில்லை. அறியாததை அறியாதது என்றே விட்டார். தனிவெளி உண்டு என்பார் இவ்வினாவுக்கு விடை தெரிந்தவர் போலப் பேசுகின்றனர் என்பதே அவர் காட்டிய குற்றம்.

ஈண்டு ஒரு தடை எழும். விசை ‘எழுப்பப்படுகின்றது’ என மாக் எழுதியுள்ளாரே, அது காரணங் கூறியதாகாதா எனின், அச்சொல் அவ்வாறு பொருள்படவும் இடமுண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. அவர் ஆண்ட செருமானிய வினைச்சொல் துயிலெழுப்புதலைக் குறிக்கும் சொல். அதனைக் காரண காரியத் தொடர்பாகவே கொள்ளல் வேண்டும் என்பார் உளர். மாக் அறிந்த உண்மையைத் தனிவெளி என்னும் சொல் இன்றி வேறு சொல்லால் மொழிந்தாரே அன்றிப் புதிய விசை ஒன்றைக் கற்பித்தாரல்லர் எனவும் கொள்ள இடமுண்டு என்பதை ஜான் நார்ட்டன் 1995இல் எடுத்துக்காட்டினார். ஒரு வினைச்சொல்லின் மேல் இத்துணைப் பெரிய கட்டடத்தை எழுப்புதல் தகாது என்றும், அடுத்து வரும் ‘எவராலும் கூறவியலாது’ என்னும் தெளிந்த கூற்றே முன்னதற்கு வரம்பு கட்டுகின்றது என்றும் யாம் கருதுகின்றோம்.

மாக்கின் வினாவைச் சோதனையால் தீர்க்க முற்பட்டாரும் அக்காலத்தே இருந்தனர். இம்மானுவேல் பிரீட்லேண்டர் என்பார் 1894இல் இரும்பு உருட்டாலை ஒன்றின் பெருஞ்சுழற்சக்கரத்தின் அருகே நுண்ணிய முறுக்குத் தராசை அமைத்து, சுழலும் பொருண்மை அதன்மேல் விசை செலுத்துகின்றதா எனத் தேடினார். உறுதியான முடிவு கிட்டவில்லை. ஆயினும் வினாவை வினாவாகவே கொண்டு விடை தேடிய அம்முறை மாக்கின் நூலுக்கு நேரிய உரையாகும்.

ஐன்ஸ்டைன் கண்ட உரை

ஐன்ஸ்டைன் மாக்கை ஆர்வத்தோடு கற்றவர். 1912இல் எழுதிய சிறுகட்டுரை ஒன்றில், உள்ளீடற்ற பொருண்மைக் கோளத்தின் நடுவே வைக்கப்பட்ட ஒரு பொருளின் நிலைமம் அக்கோளத்தால் சிறிது மிகும் எனக் கணித்தார். 1913 சூன் 25இல் மாக்குக்கே கடிதம் எழுதினார். உள்ளீடற்ற கோளம் ஒன்று விண்மீன்களை நோக்கச் சுழலுமாயின் அதனுள் தொங்கும் ஊசலின் ஆடுதளம் சிறிது உடன் இழுக்கப்படும், ஆயின் அவ்விழுப்பு அளக்கவொண்ணாச் சிறுமையது என்பது அக்கடிதத்தின் கருத்துகளுள் ஒன்று. இது மாக்கின் தடித்த வாளிக்கு நேரான விடை. இதுகாறும் உரை மூலத்தை விட்டு விலகவில்லை.

விலகியது 1918இல். அவ்வாண்டு எழுதிய கட்டுரையில் ‘மாக்கின் கொள்கை’ என்னும் பெயரை ஐன்ஸ்டைன் ஆக்கினார். ஈர்ப்புப் புலம் முழுவதும் பொருள்களின் பொருண்மையாலேயே வரையறுக்கப்படுகின்றது என்பது அதன் பொருள். மாக் இறந்தது 1916 பிப்ரவரியில். எனவே தம் பெயரால் வழங்கும் கொள்கையை அவர் கண்டதில்லை. பொருண்மை நிலைமத்தைச் சிறிது மாற்றும் என்பது ஒன்று. பொருண்மையே நிலைமம் முழுவதையும் வரையறுக்கும் என்பது மற்றொன்று. முன்னது மாக் எழுப்பிய வினாவுக்கு ஒரு விடை. பின்னது ஐன்ஸ்டைன் தாமே வகுத்த வேண்டுகோள். இரண்டற்கும் ஒரு பெயர் இட்டமையே பின்னெழுந்த குழப்பங்கள் அனைத்துக்கும் வித்து.

மாக்கின் பெயரைச் சூழ்ந்த மற்றொரு வழக்கும் உண்டு. அவர் இறந்தபின் 1921இல் வெளிவந்த ஒளியியல் நூலின் முன்னுரை, சார்புக் கொள்கையைத் தாம் ஏற்கவில்லை என அவர் கூறுவதாக உள்ளது. அது அவர் மகன் எழுதிச் சேர்த்த இடைச்செருகல் என கெரியோன் வோல்ட்டர்ஸ் 1987இல் வாதிட்டார். எல்லோரும் அதனை ஏற்றிலர். கொள்கை அவர் பெயரால் வழங்க, மறுப்பும் அவர் பெயரால் வழங்க, இரண்டும் அவருடையனவோ என ஆராய வேண்டிய நிலை அறிவியல் வரலாற்றில் அரிதாகக் காண்பது.

வேண்டுகோள் வீழ்ந்தமை

பொருண்மையே நிலைமம் முழுவதையும் வரையறுக்கும் என்பது பொதுச் சார்புக் கொள்கையின் சமன்பாடுகளினின்று பெறப்படவில்லை. பொருளே இல்லாத வெறுவெளியும் அச்சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு. அதனுள் ஒரு சிறு துகளை வைத்தால் அது குறைவற்ற நிலைமத்துடன் நிற்கும். இவ்விடரை நீக்கவே ஐன்ஸ்டைன் 1917இல் எல்லையுற்ற மூடிய அண்டத்தைக் கற்பித்துச் சமன்பாட்டில் ஒரு புதிய உறுப்பையும் சேர்த்தார். அவ்வாண்டிலேயே டி சிட்டர், அப்புதிய உறுப்புடன் கூடிய சமன்பாட்டுக்கும் பொருளற்ற அண்டம் ஒரு தீர்வாதலைக் காட்டினார். 1949இல் கோடல், பொருள் அனைத்தும் நிலைமச் சட்டகத்தை நோக்கச் சுழலும் அண்டம் ஒன்றையும் தீர்வாகக் கண்டார். எதனை நோக்கி அது சுழல்கின்றது என வினவுவார்க்கு அண்டத்தில் வேறு பொருள் இல்லை.

ஐன்ஸ்டைனும் இறுதியில் இதனை உணர்ந்தார். பொருண்மை இத்துணையது எனக் கூறுவதற்கே வெளியின் அளவைகளைத் தரும் புலம் முன்னர் வேண்டும். ஆதலின் புலத்தைப் பொருண்மையினின்று பெறுவது இயலாது. 1954இல் எழுதிய கடிதம் ஒன்றில், மாக்கின் கொள்கை என இனிப் பேசுதலே வேண்டா என்னும் கருத்துப்பட எழுதினார். தாம் இட்ட பெயரைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்ட நேர்மை போற்றத்தக்கது. ஆயின் அவர் விலக்கியது தம் உரையையே, மாக்கின் மூலத்தையன்று. இதனை உணராதாரே மாக் தோற்றார் என்பர்.

வினாவுக்குக் கிடைத்த விடை

மாக்கின் வினா வேறு வழியில் விடை பெற்று வந்தது. 1918இல் திர்ரிங், சுழலும் பொருண்மைக் கோளத்தினுள் சிறு இழுப்பு விசைகள் தோன்றுதலைப் பொதுச் சார்புக் கொள்கையினின்று கணித்தார். லென்ஸ் என்பாருடன் சேர்ந்து, சுழலும் கோளின் புறத்தே நிகழ்வதையும் அவ்வாண்டே ஆராய்ந்தார். 1966இல் பிரில், கோகன் ஆகிய இருவரும், அக்கோளத்தின் பொருண்மை மிகுந்து அதன் ஆரம் ஈர்ப்பு ஆரத்தை நெருங்குமாயின் உள்ளே இழுப்பு முழுமை அடையும் எனக் காட்டினர். அந்நிலையில் உள்ளிருப்பார்க்கு நிலைமச் சட்டகம் கோளத்தோடு ஒட்டியே சுழலும். சுவர் போதிய தடிப்புடையதாயின் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு, ஏட்டளவில் இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

சோதனையும் பின்தொடர்ந்தது. 2004 ஏப்ரலில் ஏவப்பட்ட ‘கிராவிட்டி புரோப் பி’ என்னும் செயற்கைக்கோள், புவிக்கு மேல் 642 கிலோமீட்டர் உயரத்தில் முனைகளின் மீதாகச் சுற்றி வந்தது. தன்னுள் சுழலும் கோளங்களின் அச்சு திரும்புமாற்றை அது அளந்தது. புவியின் சுழற்சியால் அச்சு ஆண்டுக்கு 0.0392 விகலை திரும்பும் என்பது கணிப்பு. 2011இல் வெளியான முடிவு 0.0372 விகலை, பிழை எல்லை 0.0072 விகலை. பிழை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஆதலின் இவ்வளவீடு மிக நுண்ணியது எனக் கூறற்கில்லை. எனினும் இழுப்பு உண்டு என்பது இதனால் போதரும். புவியாகிய தடித்த வாளி, சிறிதேயாயினும் நிலைமச் சட்டகத்தை இழுக்கின்றது. ‘குறிப்பிடத்தக்க’ என்னும் மாக்கின் அடைமொழி வீண்சொல் அன்று என்பதற்கு இதுவே சான்று.

எஞ்சி நிற்கும் வழக்கு

இனி, முழுச் சார்புடைய இயக்கவியலை அமைக்க முயன்றாரும் உளர். சியாமா 1953இல், தொலைவிலுள்ள பொருண்மை தரும் தூண்டலே நிலைமம் எனக் கொண்டு ஒரு கணிப்பைத் தந்தார். பார்பர், பெர்ட்டொட்டி இருவரும் 1982இல், பொருள்களின் இடையேயுள்ள தொலைவுகளையன்றி வேறெதனையும் கொள்ளாத இயக்கவியல் ஒன்றை வகுத்தனர். அதன்படி அண்டம் முழுவதன் சுழல்உந்தம் சுழியமாதல் வேண்டும். நியூட்டன் நெறியில் அண்டம் சுழலவும் செய்யலாம், சுழலாதிருக்கவும் செய்யலாம், சுழலாமை தற்செயல். சார்பு நெறியிலோ அது விதி. அண்ட நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்தோர் அண்டத்தில் சுழற்சி எதனையும் கண்டிலர். இவ்வொற்றுமை சார்பு நெறியை மெய்ப்பிக்கவில்லை. ஆயின் அதற்கு வலிமை தருகின்றது.

கொள்கையின் பெயரோ மேலும் பெருகியது. போண்டியும், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஜோசப் சாமுவேலும் 1997இல் மாக்கின் கொள்கை என வழங்குவனவற்றைத் தொகுத்துப் பதினொரு வகையாக எண்ணிட்டனர். அவற்றுள் முதற்கண் நிற்பது, தொலைவிலுள்ள விண்மீன்திரள்கள் நம் நிலைமச் சட்டகத்தை நோக்கச் சுழலவில்லை என்னும் காட்சியுண்மை. ஒரு சூத்திரத்துக்குப் பதினோருரை எழுமாயின் குறை சூத்திரத்தில் இருக்கலாம். சூத்திரமே இல்லாத இடத்தில் உரைகள் எழுந்ததாகவும் இருக்கலாம். ஈண்டு நிகழ்ந்தது பின்னதே.

சொல்லாட்சி

தமிழில் இத்துறை நூல் எழுதுவார்க்கு இதனின்று ஒரு பயன் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ‘சடத்துவம்’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிலைமம்’ என்றும் வழங்கும் சொற்கள் ஒரே பொருளைக் குறிப்பன. ஆயின் இரண்டும் ஒரே திசையில் நம் எண்ணத்தைச் செலுத்துவன அல்ல. மடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கெப்ளர் எடுத்தாண்டார். நியூட்டன் அதனைப் பொருளின் உடன்பிறந்த ஆற்றலாகக் கொண்டார். சடத்துவம் என்பது அவ்வழிப்பட்டது. சடப்பொருளின் தன்மை அதனுள்ளேயே உறைவது என்னும் குறிப்புடையது. நிலைமம் என்பதோ நிலை என்னும் சொல்லடியாகப் பிறந்தது. நிலை எனின் எதனை நோக்கிய நிலை என்னும் வினா உடனெழும். ஆதலின் தீராத வழக்கைத் தீர்ந்ததாகக் காட்டாத சொல் இது. சொல்லைக் கொண்டு பொருளை நிறுவுதல் முறையன்று. ஆயினும் வினாவை மூடாத சொல் கிட்டுங்கால் அதனைக் கொள்ளுதல் நன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. நியூட்டனின் வாளி தெக்கார்த்தின் வரையறையை வீழ்த்தியது, தனிவெளியை நிறுவவில்லை. மாக் அவ்விடைவெளியைச் சுட்டி ஒரு வினாவை எழுப்பினார். கொள்கை எதனையும் வகுத்தாரல்லர். பொருண்மை நிலைமத்தை வரையறுக்கும் என்னும் கொள்கை ஐன்ஸ்டைனுடையது. அதனை அவரே விலக்கினார். பொருண்மை நிலைமத்தைச் சிறிது இழுக்கும் என்பது கணிப்பாலும் அளவையாலும் தெளிந்தது. முழுவதும் வரையறுக்குமோ என்பது இன்றும் வழக்கிலேயே உள்ளது.

எனவே மாக் வென்றார் எனவும் மாக் தோற்றார் எனவும் எழுதுவார் இருவரும் வினாவை விடையாக மயங்கியவராவர். அறியாததை அறியாதது என எழுதிவைத்தவர்க்கு நாம் செய்யத்தக்க மதிப்பு, அவ்வாறே அதனைப் படித்து அவ்வாறே பிறர்க்கு எடுத்துரைத்தலாகும்.